கட்டுப்பாட்டுப் பரிசோதனை

பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தா எண்டு செயலாளர் மூண்டு வருசமாக் கேக்கிறார், நானும் வேலை வேலை எண்டு சாட்டுச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். போன மாசம் விலங்கியல் சேர் காலமாயிட்டார் எண்டு வட்ஸ்அப்பில வந்தாப் பிறகு இனிச் சாட்டுச் சொல்லேலாது.

91 ஆம் ஆண்டு. கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் வித்த விலைக்கு வோட்டர் பாத் ஆர் சூடாக்கிறது? துப்பலில இருந்து மாப்பொருளை உடைக்கிற நொதியம் அமைலேசு, அதுக்கு 37 பாகை வேணும். "கமக்கட்டு இருக்குத்தானேடா" எண்டார் சேர். வகுப்பு முழுக்க ரெஸ்ற் ரியூப்பைக் கமக்கட்டுக்க இறுக்கிக்கொண்டு நிண்டது ஞாபகம் இருக்கோ? உள்ளுக்கு மாக்கரைசல், அதோட அவரவர் துப்பல். ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா ஒரு துளி எடுத்து வெள்ளை ஓட்டில அயடீனோட விடோணும். முதல்ல கருநீலம், பிறகு கபிலம், பிறகு வெறும் அயடீன்ர மஞ்சள். எல்லாருக்கும் நீலம் போயிட்டுது, எனக்கு அரை மணித்தியாலம் போயும் அதே கருநீலம்தான்.

துப்ப வெக்கமாக் கிடந்துது, கிணத்துத் தண்ணிய விட்டிட்டன்.

சேர் ரியூப்பை வாங்கி ஆட்டிப் பாத்தார், ஒரு நுரை இல்லை. என்னைப் பாத்தார். அடிக்கேல்லை. "நொதியம் இல்லாட்டி என்ன நடக்கும் எண்டு ஒப்பிட்டுப் பாக்க, இவன்தான் இண்டைக்குக் கட்டுப்பாட்டுப் பரிசோதனை" எண்டு சொல்லி, என்னை முன்னுக்கு நிப்பாட்டி வைச்சுக்கொண்டே பாடம் தொடங்கினார். மாப்பொருளும் தண்ணியும் பக்கத்தில பக்கத்தில எவ்வளவு நேரம் கிடந்தாலும் சும்மாதான் கிடக்கும், தாக்கம் நடக்கவே ஏலாது எண்டில்லை, ஏவற்சக்தி எண்ட மதில் உயரம். நொதியம் அந்த மதிலைப் பதிச்சு விடுது, அவ்வளவுதான் (மதில் பாய்ஞ்ச உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை). ரத்தத்தில இருக்கிற காபோனிக் அன்ஐதரேசு எண்ட நொதியத்தில ஒரு மூலக்கூறு செக்கனுக்குப் பத்து லட்சம் தரம் அந்த வேலையைச் செய்யுதாம். பிறகு லாப் ஆமைப்பூட்டைக் கையில எடுத்தார். 1894 இல எமில் பிசர் எண்ட விஞ்ஞானி சொன்னது பூட்டும் திறப்பும், நொதியம் பூட்டு, அது மாத்திற பொருள் திறப்பு, 1958 இல கோஷ்லண்ட் சொன்னது, திறப்பு நுழையேக்க பூட்டும் கொஞ்சம் வளைஞ்சு குடுக்குது எண்டு. "எங்கட பூட்டு கோஷ்லண்ட்ர கட்சி" எண்டார். ஆட்டி ஆட்டித்தானே அது திறக்கிறது.

அண்டையில இருந்து என்ர பேர் "கட்டுப்பாடு".

"சேர் ஒரு ஊக்கி, தான் மாறாமல் எங்களை மாத்தினவர்" எண்டு முடிப்பம் எண்டுதான் யோசிச்சனான், எல்லா மலரிலயும் ஆரோ ஒராள் அப்பிடி எழுதுறவைதான். பொய். சேர் நல்லா மாறிப் போனார். 2010 இல ஊருக்குப் போகேக்க வீட்டை போய்ப் பாத்தனான், தோள் ரெண்டும் இறங்கி, கை நடுங்கிக்கொண்டு, எங்கட பட்ச்சில அங்க மிஞ்சினது ரெண்டு பேர்தான் எண்டார்.

"என்னடா கட்டுப்பாடு, கனடாவில என்ன செய்யிறாய்?"

வெயர்ஹவுஸ் எண்டு சொல்ல வாய் வரேல்லை. லாப்பில சேர் எண்டன்.

"எந்த நொதியம்?"

ரியூப்பை ஆட்டிப் பாத்த அதே பார்வை. நான் முன்னால கிடந்த தண்ணிய எடுத்துக் குடிச்சன்.