வரிசையில் இருக்கிறோம்

ஆகஸ்ட் 4
மாற்று கிட்னிக்குப் பெயர் பதிந்து, எப்போது போன் வரும் என்று காத்திருக்கிறோம். டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்த என் வீட்டுக்காரர் இன்னும் எழுந்திருக்கவில்லை. கஞ்சி ஆறிவிட்டது.

ஆகஸ்ட் 5
எண்ணூர் ஹைரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம். கை தானாக போனுக்குப் போகிறது. யார் வீட்டுப் பிள்ளையோ. சீ, என்ன ஜென்மம் நான்.

ஆகஸ்ட் 9
எனக்கு ஏதாவது ஆனால் கண், கிட்னி, ஈரல் எல்லாம் கொடுத்துவிடுங்கள் என்று இன்றைக்கு அத்தையிடம் சொல்லிவிட்டேன். உறுப்பு தானத்துக்கான மத்திய அரசின் நோட்டோ தளத்தில் ஆதார் போட்டுப் பதிந்தாயிற்று, ஆனால் என்னதான் பதிந்தாலும் கடைசியில் வீட்டில் இருக்கிறவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் எடுப்பார்கள், அதனால்தான் உயிரோடு இருக்கும்போதே சொல்லித் தொலைக்கிறேன். "வெளக்கு வெக்கிற நேரத்துல இன்னா பேச்சு பேசுற" என்றார். கண் இல்லாமல் போனால் அடுத்த ஜென்மத்தில் குருடாகப் பிறப்போமாம். அப்போ உங்க புள்ளைக்கு யாரு குடுக்கறதாம் என்று கேட்டேன். அரிசி களையப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 10
அத்தை பேசவில்லை.

ஆகஸ்ட் 11
இவர் ஐஸ் கட்டி கேட்டார். ஒன்று கொடுத்தேன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்கிற தண்ணீர்க் கணக்கில் அதுவும் சேர்த்திதான்.

ஆகஸ்ட் 14
கொழுந்தனார் வந்திருந்தார். கோமாவில் இருக்கிறவனையும் அறுத்துவிடுவார்களாமே என்று ஆரம்பித்தார். கோமா வேறு, மூளைச்சாவு வேறு. மூளைச்சாவு என்றால் வென்டிலேட்டரை நிறுத்தினால் மூச்சு தானாக வராது. 6 மணி நேரம் விட்டு இரண்டு தடவை பரிசோதித்து 4 டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும், மாற்று ஆபரேஷன் செய்கிறவர் அதில் இருக்கக் கூடாது. இதையெல்லாம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தே மனப்பாடம் ஆகிவிட்டது. உள்ளேயிருந்து அத்தை, "2008ல அந்த டாக்டர் வூட்டுப் புள்ள, ஹிதேந்திரன், தேனாம்பேட்டைலேர்ந்து முகப்பேருக்கு இதயம் போச்சே, டிவில பாத்து அழுதேன்" என்றார். சரி, அழுதீர்கள். அப்புறம்?

ஆகஸ்ட் 15
ராத்திரி மறுபடியும் சைரன். போனைப் பார்க்கவில்லை. பார்த்தேன்.

ஆகஸ்ட் 19
நெத்திலி ஆய்ந்துகொண்டே, "உடம்ப நல்லா தச்சிக் குடுப்பாங்களா, மூஞ்சி தெரியுமா" என்றார். தெரியும் அத்தை. உறுப்பு கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதை என்று 2023ல் அறிவித்தார்களே, அதையும் சொன்னேன். மரியாதை கிடக்கட்டும், வயசானதை எவன் வாங்குவான் என்றார். கண்ணுக்கு வயது கிடையாது, புரை ஆபரேஷன் ஆனவர்களும் கொடுக்கலாம், வீட்டிலேயே போனாலும் 6 மணி நேரத்துக்குள் வந்து எடுத்துக்கொள்வார்கள். மீன் தலையைக் கிள்ளிப் போட்டபடி, "சின்னவனாண்ட சொல்லி வை, என்கிட்ட திரும்பக் கேக்காத" என்றார்.

ஆகஸ்ட் 20
கொழுந்தனாரிடம் சொன்னேன். "அம்மாவா சொன்னாங்க?" என்று அரை மணி நேரம் போனில் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 21
ஊசி போடுகிற கை வீங்கியிருக்கிறது. நாளைக்கு டெக்னீஷியனிடம் காட்ட வேண்டும்.