கண்ணாடி யார் கையில் இருக்கிறது?

13ஆம் நூற்றாண்டிலிருந்து 16ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் புழங்கிய பக்திப் புத்தகங்களின் பெயர்களை ஒரு தரம் வரிசையாகப் படித்துப் பாருங்கள், கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தது மாதிரி இருக்கும். திருச்சபையின் கண்ணாடி, வாழ்க்கையின் கண்ணாடி, மனித மீட்பின் கண்ணாடி, மாதாவின் கண்ணாடி, பாவ ஆத்துமாவின் கண்ணாடி. கண்ணாடி என்றதும் நமக்குத் தோன்றுவது ஒன்று சிங்காரம், இல்லையென்றால் "முதல்ல உன் மூஞ்சிய கண்ணாடில பாரு" என்கிற வசவு. இந்தப் புத்தகங்கள் இரண்டிலும் சேராது. படிக்கப் படிக்க எனக்கு ஒரே கேள்விதான் வந்துகொண்டிருந்தது: கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார்?

அந்தக் காலத்துக் கண்ணாடி இன்று குளியலறையில் தொங்குகிற சாமான் இல்லை. மெருகேற்றிய உலோகத் தகடு, அல்லது பின்புறம் ஈயம் பூசிய, உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற புடைத்த சின்னக் கண்ணாடி. முகம் தெரியும், ஆனால் சுருங்கி, மங்கி, கொஞ்சம் கோணலாகத் தெரியும். உலோகம் என்றால் அடிக்கடி துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துப்போகும். "இப்பொழுது கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம், அப்பொழுது முகமுகமாய்ப் பார்ப்போம்" என்று பவுல் எழுதியதை அன்றைய வாசகர் யோசித்துப் புரிந்துகொள்ள வேண்டியதே இல்லை, அவர் வீட்டுக் கண்ணாடி அப்படித்தான் காட்டியது. 16ஆம் நூற்றாண்டில் வெனிஸிலிருந்து தெளிவான கண்ணாடிகள் வந்தபோது எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஜார்ஜ் காஸ்காயின் என்ற கவிஞர் 1576இல் ஒரு நீண்ட அங்கதக் கவிதையே எழுதினார்: புதுப் பளிங்குக் கண்ணாடி ஆளை இருப்பதைவிட அழகாகக் காட்டி ஏமாற்றுகிறது, பழைய எஃகுக் கண்ணாடிதான் உள்ளதை உள்ளபடி காட்டும் என்று. ஃபில்டர் போட்ட செல்ஃபியைத் திட்டுகிறவர்களுக்கு நல்ல முன்னோர்.

சரி, விஷயத்துக்கு வருவோம். லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் கரையில் சையன் என்று ஒரு மடம் இருந்தது, ஐந்தாம் ஹென்றி 1415இல் நிறுவியது. அங்கிருந்த கன்னியாஸ்திரீகள் தினமும் லத்தீனில் மாதாவுக்கான ஜெபங்களைப் பாடினார்கள், பலருக்குப் பொருள் தெரியாது. அவர்களுக்காக 15ஆம் நூற்றாண்டில் எழுதிய ஆங்கில விளக்கநூல்தான் மாதாவின் கண்ணாடி, 1530இல் அச்சாயிற்று. ஏன் இந்தப் பெயர் என்று ஆசிரியரே சொல்லிவிடுகிறார்: மாதா இதில் தன்னைப் பார்த்துக்கொள்வதற்காக இல்லை, நீங்கள் இதில் மாதாவைப் பார்ப்பதற்காக. எனக்கு இது ரொம்பப் பிடித்தது. கண்ணாடிக்கு முன்னால் நிற்பது நீ, அதில் தெரிவது வேறொருவர் முகம். அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் உன் முகம் திருந்த வேண்டும். 1240இல் இறந்த கான்டர்பரி பேராயர் எட்மண்டின் கண்ணாடி நூல் இன்னும் பழையது. அது உன்னை நீ அறிவதில் தொடங்கி, படைப்பையும் வேதத்தையும் தாண்டிக் கடவுளிடம் போகிறது. அங்கேயும் சொந்த முகம் வெறும் வாசற்படிதான்.

இதையெல்லாம்விட எனக்குச் சங்கடம் கொடுத்த புத்தகம் நிக்கோலஸ் லவ் எழுதியது. இவர் யார்க்ஷயரில் மவுண்ட் கிரேஸ் என்ற, கார்த்தூசியன் துறவற சபையைச் சேர்ந்த மடத்தின் தலைவர். இயேசுவின் வாழ்க்கையைத் தியானிக்கும் ஒரு லத்தீன் நூல் அப்போது 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் பொனவெந்தூர் பெயரில் புழங்கியது, அதை 1410 வாக்கில் 'இயேசு கிறிஸ்துவின் ஆசீர்வதிக்கப்பட்ட வாழ்வின் கண்ணாடி' என்று ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். வாரத்தின் ஏழு நாட்களுக்கு ஏழு பகுதி, வெள்ளிக்கிழமை வந்தால் சிலுவைப்பாடு. சம்பவத்தைக் கண்ணெதிரே நடக்கிற மாதிரி சொல்வார், நீயும் அங்கே நின்று பார் என்பார். அருமையான உரைநடை. ஓரத்தில் ஆங்கில எழுத்து 'பி' போட்டிருந்தால் பொனவெந்தூர் சொன்னது, 'என்' எழுத்து போட்டிருந்தால் நிக்கோலஸ் தானாகச் சேர்த்தது. இவ்வளவு நேர்மையான மொழிபெயர்ப்பாளர் இன்றைக்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்?

ஆனால் அந்தப் புத்தகம் வந்த நேரத்தைப் பாருங்கள். திருச்சபையை எதிர்த்த 14ஆம் நூற்றாண்டு ஆங்கில இறையியலாளர் விக்லிஃபின் வழியில் வந்த லொல்லார்டுகள் பைபிளை ஆங்கிலத்தில் பெயர்த்துப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். 1401இல் மதத்துரோகிகளை எரிக்கச் சட்டம் வந்தது. 1409இல் பேராயர் தாமஸ் அரண்டெல், அனுமதியில்லாமல் வேதத்தை ஆங்கிலத்தில் பெயர்ப்பதற்குத் தடை போட்டார். அதே அரண்டெல்தான் லவ்வின் கண்ணாடியைப் படித்துப் பார்த்து, விசுவாசிகளின் நன்மைக்கும் லொல்லார்டுகளை மறுப்பதற்கும் இது பரவட்டும் என்று ஒப்புதல் கொடுத்தார். லவ்வும் முன்னுரையில், எளியவர்கள் குழந்தைகளைப் போல, அவர்களுக்குப் பால்தான் கொடுக்க வேண்டும், கெட்டியான உணவு ஆகாது என்கிறார். ஆக, வேதத்தை நீயாக எடுத்துப் படிக்காதே, இதோ நாங்கள் பிடிக்கிற கண்ணாடியில் பார்த்துக்கொள். எந்தக் கோணத்தில் பிடிப்பது, எதை விடுவது என்பதெல்லாம் எங்கள் பொறுப்பு.

மக்கள் கேட்டார்களா என்றால், பாதி கேட்டார்கள். லவ்வின் நூலுக்கு 50க்கும் மேற்பட்ட கைப்பிரதிகள் இன்றும் இருக்கின்றன, 1484இல் இங்கிலாந்தின் முதல் அச்சகர் கேக்ஸ்டன் அதை அச்சிலும் போட்டார். தடை செய்யப்பட்ட விக்லிஃப் பைபிளுக்கோ, முழுசும் பகுதியுமாகச் சுமார் 250 பிரதிகள் எஞ்சியிருக்கின்றன.

அடுத்த நூற்றாண்டில், ரோமத் திருச்சபையை எதிர்த்துப் பிரிந்த சீர்திருத்தக்காரர்கள் கண்ணாடியைப் பாதிரியார் கையிலிருந்து பிடுங்கினார்கள். 1526இல் டிண்டேலின் புதிய ஏற்பாடு ஆங்கிலத்தில் அச்சாகி வந்தது. அப்புறம் கண்ணாடியில் தெரிகிற முகமும் மாறியது. சீர்திருத்தத் தலைவர்களில் ஒருவரான கால்வினுக்கு நியாயப்பிரமாணமே, அதாவது கடவுளின் கட்டளைகளே ஒரு கண்ணாடி, அதில் தெரிவது உன் முகத்துக் கறைகள். அவருடைய பெரிய இறையியல் நூல் 1561இல் தாமஸ் நார்ட்டன் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கு வந்தது. மாதாவின் முகம் இருந்த இடத்தில் இப்போது உன் அசிங்கம். இது முன்னேற்றமா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்ல வராது. யாக்கோபு நிருபத்தில் வருகிறவன்தான் எனக்கு நெருக்கமானவன்: கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டு, நகர்ந்தவுடனே தன் சாயல் இன்னதென்று மறந்துவிடுகிறவன். கறை தெரியாதது அவன் பிரச்சினை இல்லை, நன்றாகவே தெரிந்தது. (சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தர் அந்த நிருபத்தையே வைக்கோல் என்று ஒதுக்கிவைத்தது தனிக் கதை.)

1544 டிசம்பர் 31ஆம் தேதி, பின்னாளில் இங்கிலாந்து ராணியான எலிசபெத், அப்போது 11 வயது, தன் சிற்றன்னை கேத்தரின் பார் ராணிக்குப் புத்தாண்டுப் பரிசாக ஒரு சின்னப் புத்தகம் அனுப்புகிறாள். பிரான்ஸை ஒட்டிய சிறு நாடான நவாரின் ராணி மார்கரீத் பிரெஞ்சில் எழுதிய பாவ ஆத்துமாவின் கண்ணாடியை அவளே ஆங்கிலத்தில் பெயர்த்து, தன் கையால் எழுதியது. நீல அட்டையில் வெள்ளிச் சரிகை வேலை, நடுவில் ராணியின் பெயரின் முதலெழுத்துகள். இன்றும் ஆக்ஸ்போர்டில், போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. பாரிஸில் இறையியல் பேராசிரியர்கள் 1533இல் மூலநூலைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்க, மார்கரீத்தின் தம்பியான மன்னர் பிரான்சுவா தலையிட்டுத்தான் அது தப்பியது. எலிசபெத் கூடவே வைத்த கடிதத்தில், இதில் பிழைகள் நிறைய உண்டு, நீங்கள்தான் தேய்த்து மெருகேற்றித் திருத்த வேண்டும் என்று கேட்கிறாள்.

அதில் ஆத்துமா கடவுளைத் தந்தை, சகோதரன், கணவன் என்று மாற்றி மாற்றி அழைக்கிறது. கணவன் பகுதியில், துரோகம் செய்த மனைவியை மன்னிக்கிறவர்கள் எங்கே என்று கேட்டு, நீதிபதிகளைக் கொண்டு மரண தண்டனை வாங்கித் தந்த கணவர்கள் எத்தனையோ பேர் உண்டு என்கிறது. இந்த வரிகளை எழுதிக்கொண்டிருந்த சிறுமியின் தாய் ஆன் போலீன், அதே குற்றச்சாட்டில் 1536இல் தலை வெட்டப்பட்டவர். வெட்டச் செய்தவர் அப்பா எட்டாம் ஹென்றி, அப்போது உயிரோடு சிம்மாசனத்தில் இருக்கிறார். அவள் என்ன நினைத்தாள் என்று ஊகிக்க எனக்கு விருப்பமில்லை, ஊகித்தவர்கள் ஏராளம். என்னால் அந்தப் பக்கத்தைச் சட்டென்று தாண்டிப் போக முடியவில்லை, அவ்வளவுதான்.

இதுவும் அவள் கையில் நிற்கவில்லை. 1548இல், ஹென்றி இறந்த அடுத்த ஆண்டு, ஜான் பேல் என்ற தீவிரச் சீர்திருத்தக்காரர் இதை அச்சில் கொண்டுவந்தார். முன்னும் பின்னும் தன் சண்டைகளைச் சேர்த்துக்கொண்டார், எலிசபெத்துக்கு அப்போது 14 வயது. தலைப்பையும் மாற்றிவிட்டார். 'கிறிஸ்தவ ஆத்துமாவின் பக்தித் தியானம்' என்று தொடங்கும் அந்த நீண்ட புதுத் தலைப்பில் கண்ணாடி இல்லை, மொழிபெயர்த்தவள் மறைந்த மன்னர் எட்டாம் ஹென்றியின் மகள் என்பது மட்டும் மறக்காமல் இருக்கிறது.