நாள் சொல்லிவிட்டால்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை செய்கிறேன். கலியாண அட்டை, நினைவு மலர், கோயில் திருவிழா நோட்டீஸ், எல்லாமே நாள் குறித்த வேலைகள். இறந்தவருக்கான 31ஆம் நாள் நினைவு மலரை 32ஆம் நாள் கொடுத்து யாருக்கு என்ன பயன்?

"ஆண்டவருக்குச் சித்தமானால் வெள்ளிக்கிழமை தந்துவிடலாம்" என்று நம் விசுவாசிகளே சொல்வதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும், ஏனென்றால் வெள்ளிக்கிழமை முடியாது என்பது சொல்கிறவருக்கு அப்போதே தெரியும். யாக்கோபு 4ஆம் அதிகாரத்தில் அந்த வார்த்தை, நாளைக்கு நடப்பது தெரியாமலே லாபக் கணக்குப் போட்ட வியாபாரிகளுக்குச் சொன்னது. அதைத் தவணை சொல்லப் பயன்படுத்தினால் நம்முடைய பொய்யில் கர்த்தருடைய பெயரையும் சேர்க்கிறோம்.

15ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். கர்த்தருடைய கூடாரத்தில் தங்குகிறவன் யார் என்று கேட்டுவிட்டு, பாட்டையோ பலியையோ பற்றி ஒன்றும் பேசாமல், உண்மை பேசுகிறவன், லஞ்சம் வாங்காதவன் என்று அன்றாட நடத்தையைத்தான் சொல்கிறது. அதற்குள்ளேதான் "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்றும் வருகிறது.

நஷ்டம் என்றால் என்ன என்று 2022இல் பார்த்தோம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டாலர் அந்த மாத முடிவுக்குள் 300ஐ நெருங்கியது, பேப்பர் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போயின, அதோடு மணிக்கணக்கில் மின்வெட்டு. அதற்கு முன்பே அட்வான்ஸ் வாங்கியிருந்த கலியாண அட்டைகளை எங்கள் முதலாளி சொன்ன பழைய விலைக்கே அடித்துக் கொடுத்தார். விலையைக் கூட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், எல்லாக் கடையிலும் அதுதான் நடந்தது. "பேசின காசு பேசினதுதான்" என்றார், அவ்வளவுதான். அந்த மாதங்களில் நான் கேட்ட எந்தப் பிரசங்கமும் எனக்கு இவ்வளவு கற்றுத்தரவில்லை.

சரி, மெஷின் பழுதாகிவிட்டது, உண்மையிலேயே முடியவில்லை என்றால்? நீதிமொழிகள் 6ஆம் அதிகாரம், ஒருவனுக்காகப் பிணைப்பட்டு வாய்வார்த்தையால் சிக்கிக்கொண்டவன் தூங்காமல் உடனே போய்த் தன்னைத் தாழ்த்திக் கெஞ்ச வேண்டும் என்கிறது. இங்கேயும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். வேலை கொடுத்தவர்கள் அதை வாங்க வத்தளையில் பஸ் ஏறும் முன்னாலேயே கோல் எடுத்துச் சொல்லுங்கள். ஏசுவார்கள், கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். அப்புறம் புதிதாகச் சொல்கிற நாளை, இரவு வேலை செய்தாவது காப்பாற்றுங்கள்.