தபால் செலவிலுமா லாபம் பார்ப்பது?

ஆன்லைன் ஏலத்தில் பழைய நாணயம், தபால்தலை விற்கும் நம்மவர்களுக்கு மும்பை மாட்டுங்காவிலிருந்து ஒரு வேண்டுகோள். பொருளை 50 ரூபாய்க்கு விட்டுவிட்டு தபால் செலவு 200 என்று போடுவது சுத்த ஏமாற்று வேலை. பழைய தந்திரம்தான். ஈபே என்ற ஏலத் தளத்தில் ஒரு காலத்தில் விற்பவரிடம் பொருளின் விலைக்கு மட்டும்தான் கமிஷன், அதனால் விற்பவர்கள் விலையைக் குறைத்துத் தபாலில் ஏற்றினார்கள். 2011இல் அமெரிக்கத் தளத்தில் தபால் கட்டணத்துக்கும் சேர்த்துக் கமிஷன் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

அதற்காக அஞ்சலகத்தில் கட்டுவதை மட்டும் வாங்குங்கள் என்று சொல்லவில்லை. அட்டைப்பெட்டி, பபிள் ராப், டேப் எல்லாம் காசுதானே, சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஸ்பீட் போஸ்ட் கட்டணம் எடையையும் தூரத்தையும் பொறுத்தது, தாராவிக்கும் தூத்துக்குடிக்கும் ஒரே தொகை எப்படி வரும், பெட்டியோடு எடை பார்த்து ஏலம் தொடங்கும் முன்பே எழுதிவிட்டால் பின்னால் சண்டை இல்லை. கூரியரில் பெட்டியின் அளவையும் கணக்கில் எடுப்பார்கள், சின்னப் பொருளுக்குப் பெரிய பெட்டி வேண்டாம்.

அப்புறம், ஒரே ஆள் மூன்று பொருளை ஏலத்தில் எடுத்தால் மூன்று தபால் செலவா? ஒரே பெட்டியில் போட்டு அனுப்புங்கள் சாமி.