பிங்லியை எந்தப் பக்கம் வைப்பது? நாவல் பேப்பருக்குச் சில குறிப்புகள்

ரிசல்ட் வந்தாச்சு. பாலக்காடு மாவட்டம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் அடுத்து எம்.ஏ. இங்கிலீஷ் எழுதப்போகிறவர்களுக்கு: பரம்பரைப் பணம், புதுப்பணம் பற்றிய எஸ்ஸேயில் மார்க் போவது பெரும்பாலும் ஜேன் ஆஸ்டின் நாவலில் வரும் பிங்லியில்தான்.

'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) என்றதும் டார்சியையும் பிங்லியையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறோம். டார்சிக்கு ஆண்டுக்கு 10,000 பவுண்ட், தலைமுறையாக வந்த பெம்பர்லி எஸ்டேட். பிங்லிக்கு அப்பா விட்டுப்போனது கிட்டத்தட்ட 1,00,000 பவுண்ட், நிலம் கிடையாது. நாலைந்து வட்டி போட்டுப் பாருங்கள், 4,000லிருந்து 5,000 வரும். நாவலில் ஊரார் பேசிக்கொள்ளும் வருமானமும் அதுவே. அப்பா எஸ்டேட் வாங்க நினைத்து, வாங்காமலே போய்ச் சேர்ந்தார். அதனால்தான் பிங்லி இருக்கும் நெதர்ஃபீல்ட் மாளிகை வாடகை. தங்கள் காசும் வியாபாரக் காசு என்பதைப் பிங்லியின் சகோதரிகள் வசதியாக மறந்துவிட்டு, நாயகி எலிசபெத்தின் சீப்சைட் (லண்டன் வியாபாரப் பகுதி) மாமாவைக் கேலி செய்வார்கள். இதற்கு ஒரு முழுப் பத்தி கொடுங்கள்.

'கிரேட் கேட்ஸ்பி' (1925): ஈஸ்ட் எக் ஊர் பழைய பணம், வெஸ்ட் எக் ஊர் புதுப்பணம் என்று எல்லாரும் எழுதுவார்கள். நீங்கள் கேட்ஸ்பி வீட்டு லைப்ரரிக் காட்சியை எடுங்கள். புத்தகங்கள் நிஜம், ஆனால் தாள்கள் வெட்டப்படவில்லை. அப்போது பல புத்தகங்கள் ஓரம் ஒட்டியே வரும், படிப்பவர்தான் கத்தியால் பிரிக்க வேண்டும். கேட்ஸ்பி பிரிக்கவே இல்லை. கதை சொல்லும் நிக்கின் குடும்பத்தையும் விடாதீர்கள். பிரபு வம்சம் என்று சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் 1851ல் அமெரிக்கா வந்த தாத்தாவின் சகோதரர் தொடங்கிய ஹார்டுவேர் மொத்த வியாபாரம். கதை நடப்பது 1922ல். 'பழசு' என்பதன் வயசு அவ்வளவுதான்!

'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்': மிஸ் ஹாவிஷாமின் அப்பா பீர் காய்ச்சியவர். ரொட்டி சுட்டால் கௌரவம் போய்விடும், பீர் காய்ச்சினால் போகாது என்று ஹெர்பர்ட் தன் நண்பனான நாயகன் பிப்பிடம் சொல்லும் இடம் தங்கம்.

ஹாலில் செய்ய வேண்டியது:
- ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நிலமா, கடையா, வட்டியா என்று ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள்.
- வீடு சொந்தமா, வாடகையா?
- ஜன்மி தறவாடு (நிலப்பிரபுக் குடும்பம்), கல்ஃப் காசு ஒப்பீடு ஒரு வரி போதும். நமக்குச் சட்டென்று பிடிபடும் என்பதால் கை நீண்டுகொண்டே போகும், நாவல் காணாமல் போகும்.
- செக்காவின் 'செர்ரி ஆர்ச்சர்ட்' நாடகம். அதில் எஸ்டேட்டை வாங்கும் புதுப்பணக்காரன் லோபாகின் எவ்வளவு பொருந்தினாலும் நாவல் கேள்விக்குள் இழுக்காதீர்கள்.