பத்தாம் வகுப்பும் யூட்யூப் அண்ணன்களும்

ஜூலை 8, 2024, திங்கள்

கூட்டுத் தொடர்வரிசை ஆரம்பித்தேன், ஒரே அளவில் கூடியோ குறைந்தோ போகும் எண்கள். பலகையில் இரண்டு வரி எழுதுவதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து குரல்: “இது பாத்தாச்சு சாரே.” குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்போது இது வழக்கமாகிவிட்டது. நான் நடத்துவதற்கு முன்பே யாரோ ஒரு யூட்யூப் அண்ணன் நடத்தி முடித்துவிடுகிறார். அதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். அப்புறம் என் பேச்சு அவர்களுக்கு மாட்டுவண்டியாகத்தான் தெரியும்.

சரி, பார்த்தாச்சு என்றால் போடு என்று 7, 4, 1 என்று போகும் தொடரின் பத்தாவது உறுப்பைக் கேட்டேன். நிறைய பேர் 34 என்று எழுதியிருந்தார்கள். சூத்திரம் சரி. ஒன்பதால் பெருக்கியதும் சரி. பொது வித்தியாசத்தை மட்டும் 3 என்று எடுத்துவிட்டார்கள்.

“தொடர் மேல போவுதா, கீழ போவுதாலே?”

“கீழ சாரே.”

“அப்ப 34 எங்கேருந்து வந்து?”

34 எழுதிய பையன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு 3-க்கு முன்னால் கழித்தல் குறி போட்டு, -20 என்று கொண்டுவந்தான். வீடியோவில் இவன் பார்த்த உதாரணங்கள் எல்லாம் ஏறிக்கொண்டே போனவையாம். நடத்தியவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு இவன் நோட்டு தெரியாதே.

ஜூலை 11, வியாழன்

ராத்திரி இதைப் பற்றித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். கான் அகாடமி என்ற இணையவழிப் பள்ளியைத் தொடங்கிய அமெரிக்கர் சல்மான் கான் 2004-இல் தூரத்து ஊரில் இருந்த உறவுக்காரப் பெண்ணுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, 2006-இல் பாடங்களை யூட்யூபில் ஏற்றினார். நேரில் பேசும் அண்ணனைவிட யூட்யூப் அண்ணனே தேவலை என்று உறவுக்காரப் பிள்ளைகளே சொன்னார்களாம். புரிகிறது. நிறுத்தலாம், திரும்ப ஓடவிடலாம், ‘இதுகூடத் தெரியாதா’ என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

எனக்குப் பிடித்தது வேறொரு கதை. அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் பெர்க்மன், சாம்ஸ் என்று இரண்டு வேதியியல் ஆசிரியர்கள். பள்ளிக்கு வரமுடியாத பிள்ளைகளுக்காக 2007-இல் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். கடைசியில் வகுப்பையே புரட்டிப் போட்டார்கள்: பாடம் வீட்டில், வீட்டுப்பாடம் வகுப்பில். நானும் அதையே செய்து பார்க்கப் போகிறேன். கடைசி பெஞ்சு வரைக்கும் நோட்டு பார்க்க நேரம் கிடைத்தால் போதும்.

ஜூலை 16, செவ்வாய்

விடாத மழை. வீடியோ பார்த்துவிட்டு வரச் சொன்னதில் கால்வாசிப் பேர் பார்க்கவில்லை. சோம்பல் என்றுதான் நினைத்தேன். பேச்சிப்பாறை பக்கத்துப் பையன் ஒருவன் கணக்கைப் பிட்டுப் பிட்டு வைத்தான். வெயில் காலத்தில் அப்பா விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார், போனும் அவரோடு போய்விடும். மழையில் வெட்டு இல்லை, அப்பாவும் போனும் வீட்டில். ஆனால் வெட்டு இல்லாததால் கூலி இல்லை, கூலி இல்லாததால் ரீசார்ஜ் இல்லை. சாயங்காலம் கவலையில்லாமல் சிரித்துக்கொண்டே பஸ் ஏறிப் போனான்.

ஜூலை 19, வெள்ளி

அரசு இந்த வேலையை எப்போதோ ஆரம்பித்துவிட்டது. 2018 முதல் வந்த புதுப் பாடப்புத்தகங்களில் கியூஆர் கோடு இருக்கிறது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சியும் வந்தது. மறு வருஷம் கொரோனாவில் பள்ளியை மூடியபோது கைகொடுத்ததும் அதுதான். இன்று வகுப்பில் அந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்தவர் யார் என்று கேட்டேன். இரண்டு மூன்று கைகள்தான் எழுந்தன. கிண்டலடித்துப் பேசும் அண்ணனிடம்தான் பிள்ளைகள் போகிறார்கள்.

ஜூலை 25, வியாழன்

பார்த்தவன் பார்க்காதவனுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும் என்று ஜோடி போட்டு உட்கார வைத்தேன். வகுப்பு சந்தை மாதிரி ஆகிவிட்டது, தலைமையாசிரியர் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் சொல்லிக்கொடுக்கப் போய்த்தான் பார்த்தவனுக்கே ஓட்டை தெரிந்தது. “ஏன் ஒண்ணு கழிக்கணும்?” என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டதும் அண்ணன் சொன்ன சூத்திரத்தை மட்டும் திரும்பச் சொன்னான், அதற்கு மேல் பேச்சு வரவில்லை. பிறகு இருவரும் முதல் உறுப்பிலிருந்து விரல் விட்டு எண்ணி, பத்தாவது உறுப்புக்கு ஒன்பது தாவல்தான் என்று கண்டுபிடித்தார்கள்.

இதொன்றும் புதுசில்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளைகள் செய்த வேலைதான். 1789-இல் சென்னையில் அநாதைப் பள்ளிப் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படித்ததைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகளையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-இல் அதைப் பற்றி லண்டனில் புத்தகமும் போட்டார். அங்கே அதற்குப் பெயர் ‘மெட்ராஸ் சிஸ்டம்’. இப்போது கொலராடோ வழியாக நமக்கே திரும்ப வருகிறது, இருக்கட்டும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) வேலை முடிந்த கையோடு ஒரு அம்மா வந்தார்.

“சாரே, நீங்க பாடமே எடுக்கிறதில்லன்னு பிள்ள சொல்லுது. சும்மா கணக்கு போட வைக்கிறீங்களாம்.”

மகளின் நோட்டைக் காட்டினேன். ஜூன் மாதப் பக்கங்களில் நான் பலகையில் எழுதியது அப்படியே, முத்து முத்தாக. இப்போதைய பக்கங்களில் அடித்தல், திருத்தல், என் சிவப்பு மை. முதலில் இருந்ததுதான் அழகாக இருக்கிறது என்றார். அது என் கணக்கு, இது அவள் கணக்கு என்றேன். கொஞ்ச நேரம் பக்கங்களைப் புரட்டினார்.

“போனுக்கு ரீசார்ஜும் போடுறேன், டியூஷனுக்கும் குடுக்கிறேன். பாடம் போன்லயும் கணக்கு இங்கயும்னா, டியூஷன நிறுத்திரலாமா சாரே?”

நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் ஆசை. பத்தாம் வகுப்பு வருஷம், நாளைக்கு மார்க் குறைந்தால் அந்த அம்மா யாரிடம் போய்க் கேட்பார்?

“காலாண்டு மார்க்கு வரட்டும் அக்கா” என்றேன்.