தண்ணீர்பள்ளியில் மூன்று வேளைச் செபம்

திருச்சியிலிருந்து கரூர் போகும் பேருந்தில் வலப்பக்க சன்னலோரம் இடம் பிடித்தால், வழி நெடுக வாழைத் தோட்டங்களையும் இடையிடையே காவிரியையும் பார்த்துக்கொண்டே போகலாம். குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்பள்ளி என்றொரு சிற்றூர். அங்கே ஆற்றங்கரைத் தோப்புக்குள் இருக்கும் சச்சிதானந்த ஆசிரமத்தைச் சாந்திவனம் என்றும் சொல்வார்கள். கத்தோலிக்கத் துறவிகள் காவி உடுத்தி, சைவம் சாப்பிட்டு, தரையில் உட்கார்ந்து திருப்பலி நிறைவேற்றும் இடம். நம் ஊர்க் கோயில்களில் ஞாயிறு பூசைக்குப் போய்ப் பழகிய எனக்கு, நாள் முழுவதும் செபத்தைச் சுற்றி வாழ்வது எப்படி இருக்கும் என்று பார்க்க நெடுநாள் ஆசை.

1950 மார்ச் 21, புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) திருநாள் அன்று இந்த ஆசிரமம் தொடங்கியது. தொடங்கியவர்கள் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள். மூத்தவர் ஜூல்ஸ் மொன்ஷனன், லியோன் நகரத்துக்காரர். 1939இல் இந்தியா வந்து, குளித்தலைப் பங்குக் கோயிலில் குருவாகப் பணி செய்தவர். மற்றவர் ஆன்றி லெ சோ, ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. 1948இல் வந்தார். பிற்பாடு அபிஷிக்தானந்தர் என்று அறியப்பட்டவர் இவர்தான். குடிசை போட்டு, வெறுங்காலோடு நடந்து, இந்த நாட்டுத் துறவிகள் போலவே வாழ்ந்தார்கள். 1606இல் மதுரைக்கு வந்து சன்னியாசி கோலம் பூண்ட இத்தாலிய இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலியின் வழி இது. ஆனால் இவர்கள் போதிக்க வரவில்லை, கடவுளைத் தியானித்து இருக்க வந்தார்கள்.

கோயிலின் கோபுரத்தில் சிலுவையிலிருந்து எழும் மூன்று முகங்கள், தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளுக்காக. உள்ளே கருவறை மங்கலாக, விளக்கு வெளிச்சத்தில் இருக்கிறது. செபம் முடியும்போது, இயேசுவின் உடல் என்று நாங்கள் நம்பும் அப்பமாகிய நற்கருணைக்கு முன் கற்பூர ஆரத்தி காட்டி, தட்டை நம்மிடம் கொண்டு வருகிறார்கள். காலையில் நெற்றிக்குச் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு. காணிக்கை நேரத்தில் எட்டுத் திசைக்கு எட்டுப் பூ வைக்கிறார்கள். திருப்பாடலோடும் விவிலிய வாசகத்தோடும் உபநிடத வரிகளும் தமிழ் அடியார்களின் பாடல்களும் வாசிக்கப்படுகின்றன.

இதைப் பார்த்து முகம் சுளிக்கும் கிறிஸ்தவர்கள் உண்டு. என் உறவிலேயே இருக்கிறார்கள். எனக்கு அந்தச் சங்கடம் வரவில்லை. ஆரத்தி யாருக்கு எடுக்கப்படுகிறது என்பதுதான் எனக்குக் கேள்வி. அங்கே அது இயேசுவுக்கு எடுக்கப்படுகிறது, அதில் ஐயத்துக்கு இடமே இல்லை.

விடிவதற்கு முன்பே மணி அடிக்கிறது. ஆற்றங்கரையில் தியானம், அப்புறம் காலைச் செபமும் திருப்பலியும். காலைச் சாப்பாடு முடிந்ததும் விருந்தினர்கள் சேர்ந்து காய் நறுக்குகிறார்கள். எனக்கு ஒரு கூடை கத்தரிக்காய். நறுக்கி முடித்துக் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தால் நண்பகல் செபத்துக்கு மணி. பந்தியில் பேச்சு கிடையாது. பொழுது சாயும்போது மறுபடி தியானம், பிறகு மாலைச் செபம்.

குளித்தலைப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இந்த மூன்று வேளை புதிதாகத் தெரியாது. காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தித் திருஈங்கோய்நாதர் என்று இங்கே ஒரு சொல்வழக்கு. குளித்தலைக் கடம்பவனேசுவரர் கோயில், ஐயர்மலை, ஆற்றுக்கு அக்கரையில் ஈங்கோய்மலை, மூன்றையும் ஒரே நாளில் கும்பிடுவது பெரும் புண்ணியம் என்பார்கள். பொழுதைப் பார்த்துக் கடவுளைக் கும்பிடத் தெரிந்த மண் இது.

கும்பிடுவது மனசு நிறைந்து வழியும்போது வருவது என்றுதான் நம்மில் பலர் வைத்திருக்கிறோம். அழுகை வந்தால், பாட்டு உருக்கினால் நல்ல செபம். இல்லாவிட்டால் அன்றைக்கு ஏதோ குறை. அங்கே இளம் துறவி ஒருவரிடம், “தினமும் மனசு ஒட்டுமா, பிரதர்?” என்று கேட்டேன். “ஒட்டுற நாளும் உண்டு, ஒட்டாத நாளும் உண்டு. மணி அடிச்சா போய் உக்காந்துடுவேன். மத்ததை அவர் பாத்துப்பார்” என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னதை நினைத்துக்கொண்டே அந்த இரண்டு முன்னோடிகளைப் பற்றி யோசித்தேன். இந்தியத் துறவிகள் வந்து சேருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வந்தவர்கள் நிலைக்கவில்லை. மொன்ஷனன் நோயுற்று 1957இல் பாரிஸ் நகரில் இறந்தார். அவர் கண்ணுக்கு எட்டிய வரை இந்த முயற்சி பலிக்கவில்லை. அபிஷிக்தானந்தர் 1968இல் ஆசிரமத்தை விட்டு இமயமலைப் பக்கமே போய்விட்டார். அதே ஆண்டு கேரளத்துக் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து வந்தவர் பீட் கிரிபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி. ஆக்ஸ்போர்டில் படித்தவர். அவர் காலத்தில்தான் துறவிகள் சேர்ந்தார்கள், உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 1993இல் அங்கேயே தன் குடிசையில் இறந்தார். கோயிலுக்குப் பக்கத்தில் அவர் கல்லறை. நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது அங்கேதான். ஆனாலும் என் மனம் போனது பாரிஸில் இறந்த மொன்ஷனனிடம். பலன் எதையும் பார்க்காமல், அடுத்த வேளைச் செபத்துக்கு எழுந்து போன ஒரு மனிதர். அவரைவிடப் பெரிய பக்தியை நான் அங்கே கேள்விப்படவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு நண்பகலில் எங்கே இருந்தாலும் ஒரு திருப்பாடல் சொல்கிறேன். அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தபடி, உதடு மட்டும் அசையும். பல நாள் எதுவும் தோன்றுவதில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: ரயில் என்றால் திருச்சி-ஈரோடு பாதையில் குளித்தலை நிலையம். தங்குவதானால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். அறைகள் எளியவை, கட்டில் தவிரப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பலர் காரில் வந்து காலைத் திருப்பலியைப் பார்த்து, கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் நண்பகல் செபத்துக்கும் இருங்கள். வெயிலும் தூக்கமும் அமுக்கும் வேளை, கூட்டமும் குறைவு. எனக்கு மிகவும் பிடித்த செபம் அதுதான்.